எமிலியின் வாக்கு

வெள்ளிக்கிழமை மாலை சுகந்தினி பால் வாங்குவதற்காக அந்த மூலை டெய்ரியில், பாலும் பாணும் விற்கும் சின்னக் கடையில், காரை நிறுத்தினாள். அன்று அவள் வேறு கடைக்குப் போயிருந்தால் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் வேறு மாதிரி முடிந்திருக்கும். பிறகு அதைப் பலமுறை நினைத்துப் பார்த்தாள்.

வழக்கமாகக் கல்லாவில் நிற்கும் குஜராத்திக்காரர் இல்லை. அவருடைய இடத்தில் கெல்வின் நின்றார். மன்னார்க்காரர், மங்கரேயில் ஒரு சரக்குக் கம்பனியில் பதினாறு வருடம் வேலை செய்து போன மார்கழியில் நிறுத்தப்பட்டவர். சுகந்தினிக்கு அவரைத் தெரிந்தது அவருடைய மனைவி எமிலியால்தான்.

"வாங்கோ வாங்கோ," என்றார் கெல்வின். "கடையை நாங்க எடுத்து மூண்டு கிழமைதான். நானும் எமிலின்ர தங்கச்சி புருசனும் சேர்ந்து."

சுகந்தினி பால் போத்தலை மேசையில் வைத்தாள். அவள் கை அந்தப் போத்தலை விடவில்லை.

"எமிலி அக்காவும் இதில இருக்கிறாவோ, அண்ணை?"

"அவவுக்கு எங்க நேரம்? ஆஸ்பத்திரி, இல்லாட்டி உங்கட மீற்றிங். பேர் என்ர பேரிலதான்."

சுகந்தினி வெளியே வந்து காருக்குள் இருந்தாள். கடையின் முன்னால் மூன்று வாகனத் தரிப்பிடங்கள் இருந்தன. அவள் கார் நடுவில் நின்றது. அந்த மூன்றையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாதசாரிக் கடவை கட்டுவதா இல்லையா என்பதுதான் செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு. வாக்களிக்கப் போகும் ஏழு பேரில் ஒருவர் எமிலி.

தென் ஓக்லண்டில் உள்ள ஒரு லோக்கல் போர்டில் சுகந்தினி ஆலோசகராக வேலை செய்தாள். ஏழு பேரை மக்கள் தெரிவு செய்வார்கள். பூங்கா, நூலகம், சின்னச் சின்னத் தெரு வேலைகள் பற்றி அவர்கள் முடிவெடுப்பார்கள். நிகழ்ச்சி நிரல் போடுவதும் கூட்டக் குறிப்பு எழுதுவதும் சுகந்தினியின் பொறுப்பு. இன்னொரு பொறுப்பும் இருந்தது. தனக்கு இலாபமோ நட்டமோ வரக்கூடிய விடயத்தில் ஒரு உறுப்பினர் வாக்களிக்கக் கூடாது. யாருக்கு என்ன வேலை, என்ன சொத்து, என்ன வியாபாரம் என்று எல்லோரும் எழுதிக் கொடுத்த பதிவேடு அவளிடம் இருந்தது. எமிலியின் பக்கத்தில் ஒரே ஒரு வரி: தாதி, அரச மருத்துவமனை.

போன வருடம் பெப்ரவரியில், மழை பெய்த ஒரு பின்னேரம், திருநாவுக்கரசு என்ற அறுபத்தொரு வயது மனிதர் அந்தக் கடைக்கு முன்னால் பஸ்ஸால் இறங்கினார். வீடு தெருவின் மறுபக்கம். பஸ்ஸைச் சுற்றி வந்து குறுக்கே கடந்தபோது ஒரு வான் அடித்தது. நான்காம் நாள் அவர் இறந்தார். அவருடைய மனைவி சரோஜாதேவி விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் இடத்தில் வேலை செய்தாள். அவளும் அதே பஸ்ஸில் வந்து அதே இடத்தில் இறங்கி அதே தெருவைத்தான் கடக்க வேண்டும்.

கோயிலில் சரோஜாதேவியைக் கண்டு, கையெழுத்து வாங்குங்கோ, மனுக் கொடுங்கோ, கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கு என்று சொன்னவள் சுகந்தினி. சரோஜாதேவி வேலை முடிந்து வந்து வீடு வீடாகப் போனாள். அறுநூற்று நாற்பது கையெழுத்து. பொறியியலாளர்கள் வந்து அளந்து ஒரு திட்டம் எழுதினார்கள். நான்கு பேர் ஆதரவு, தலைவரோடு சேர்த்து மூன்று பேர் எதிர்ப்பு. அந்த நான்கில் மிகவும் உரத்துப் பேசியவள் எமிலி. இந்த ஜூனோடு கணக்கு வருடம் முடிகிறது; அதற்குள் முடிவெடுக்காவிட்டால் அந்தப் பணம் வேறு வேலைக்குப் போய்விடும். ஜூனில் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு கூட்டமே இல்லை.

சனிக்கிழமை காலை சுகந்தினி எமிலியின் வீட்டுக்குப் போனாள். எமிலி இரவு வேலை முடிந்து வந்து சீருடையோடு சமையலறையில் பாண் வாட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கடையைப் பற்றி ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்ர கடை இல்லையே, பிள்ளை. அவற்ற கடை."

"புருசன்ர நலன் பெண்சாதியின்ர நலன்தான் அக்கா. சட்டத்தில அப்பிடித்தான் கிடக்கு. படிவத்திலயும் கிடக்கு."

எமிலி பாணை வெளியே எடுத்து வைத்தாள். அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அப்ப செவ்வாய்க்கிழமை?"

"நீங்க வாக்களிக்கேலாது. கதைக்கவும் ஏலாது. மேசையை விட்டு எழும்ப வேணும்."

எமிலி சிரித்தாள். நம்ப முடியாதவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது.

"விசரே உனக்கு? நான் என்ன கடைக்கு ஆதரவாவோ வாக்குப் போடப்போறன்? கார் நிப்பாட்ட இடமில்லாட்டி அந்தக் கடையில ஆர் வந்து பால் வாங்குவினம்? கெல்வின் ஒரு கிழமையா என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. என்ர சொந்த வயித்தில அடிச்சுத்தான் நான் வாக்குப் போடப்போறன். அதுவும் பிழையோ?"

"எந்தப் பக்கம் போடுறீங்கள் எண்டு சட்டம் பாக்கிறேல்லை அக்கா. உங்களுக்கு நட்டம் வந்தாலும் அது நலன்தான்."

"அப்பிடியெண்டா மூண்டுக்கு மூண்டு. சமனெண்டால் தலைவருக்கு ஒரு மேலதிக வாக்கு, அதை அவர் எதிர்த்துப் போடுவார். முடிஞ்சுது."

"ஓம்."

"அது தெரிஞ்சும் வந்து சொல்லுறாய்."

எமிலி கதிரையை இழுத்து அவளுக்கு எதிரே இருந்தாள். குரல் தணிந்தது.

"ஆருக்குத் தெரியும்? உனக்கு மட்டும்தானே. ஒரு மணித்தியாலம் உன்ர வாயை மூடிக்கொண்டிரு. புதன்கிழமை நானே வந்து படிவத்தை நிரப்பித் தாறன். சரோக்காவின்ர முகத்தை நினைச்சுப் பார்."

அந்த முகத்தைத்தான் சுகந்தினி முந்தின இரவு முழுவதும் நினைத்துப் பார்த்தாள். ஆனால் வேறொரு முகத்தையும் நினைத்தாள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து முதல் வரிசையில் இருந்து எல்லாவற்றையும் தொலைபேசியில் பதிவு செய்யும் ஒரு மனிதர் இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சைக்கிள் பாதைத் தீர்மானத்தைச் சட்டத்தரணி வைத்து நிறுத்தியவர். இந்தக் கடவைக்கும் அவர் எதிர். கடை கெல்வினின் பெயரில் இருப்பதை அவர் தேடிப் பிடிக்க எத்தனை நாள் ஆகும்? அதன்பிறகு தீர்மானமே நிற்காது. எமிலி நீதிமன்றம் ஏற வேண்டி வரலாம், பதவியும் போகலாம். இனிமேல் தேர்தலில் தமிழர் ஒருவர் நிற்கும்போது சனம் என்ன சொல்லும்?

இதையெல்லாம் எமிலிக்குச் சொன்னாள். சொன்னவை எல்லாம் உண்மைதான். ஆனால் சொல்லாத ஒன்றும் இருந்தது. யுத்தம் முடிந்த பிறகு வவுனியாவில் வீட்டுத்திட்டப் பட்டியல் போட்டபோது அவளுடைய தாயின் பெயர் இருபத்திரண்டாவதாக இருந்தது. இறுதிப் பட்டியலில் அந்த இடத்தில், அதைப் போட்ட உத்தியோகத்தரின் தமக்கையின் பெயர் இருந்தது. அந்த உத்தியோகத்தரும் நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

"நான் அவரை விட்டுப் பிரிஞ்சிருக்கிறன் எண்டு எழுதித் தரட்டோ?" என்றாள் எமிலி திடீரென்று. "பிரிஞ்சிருந்தால் அவற்ற நலன் என்ர நலன் இல்லைத்தானே?"

அவள் பகிடியாகக் கேட்கவில்லை. உள்ளறைக் கதவடியில் கெல்வின் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. அவர் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. தலைநகர் வெலிங்டனில் இதற்கென்று ஒரு அரச அலுவலகம் உண்டு. நலன் மிகச் சின்னது என்றோ, இந்த உறுப்பினர் பங்குபற்றுவது ஊருக்கு நல்லது என்றோ அவர்கள் கருதினால் விலக்குக் கொடுக்கலாம். சனிக்கிழமை பின்னேரமே இருவரும் இருந்து விண்ணப்பத்தை எழுதினார்கள். எமிலி சொல்லச் சொல்லச் சுகந்தினி தட்டச்சுச் செய்தாள். திருநாவுக்கரசின் மரணம், கையெழுத்துகள், எமிலி தன் நட்டத்துக்குத்தான் வாக்களிக்கப் போகிறாள் என்பது, எல்லாம் எழுதினார்கள்.

பிளாட் புஷ்ஷில் உள்ள தன் வீட்டுக்குச் சுகந்தினி வந்தபோது கணவன் பிரதாபன் கேட்டான். "நீ அந்தக் கடைக்குப் போகேல்லை எண்டு நினைச்சுக்கொள்ளேலாதோ?"

"போனனான்தானே."

"ஒருத்தர் செத்தவர், சுகந்தினி."

"தெரியும்," என்று கத்தினாள். பிள்ளைகள் மேல் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "தெரியும். எனக்குத் தெரியாதெண்டோ நினைக்கிறியள்?"

திங்கட்கிழமை காலை வெலிங்டனுக்குத் தொலைபேசி எடுத்தாள். பேசிய பெண் பொறுமையாகக் கேட்டாள். கடை உரிமை பற்றிய பத்திரங்கள் வேண்டும் என்றாள். சுகந்தினி அரை மணித்தியாலத்தில் அனுப்பினாள். அவசரம் என்று இரண்டு முறை எழுதினாள்.

அன்று மத்தியானம் இன்னொன்றும் செய்யப் பார்த்தாள். எதிர்த்து வாக்களிக்கப்போகும் மூவரில் மார்கரெட் இளகிய மனசுக்காரி. அவளுடைய இலக்கம் திரையில் இருந்தது. 'தயவுசெய்து' என்ற ஒரு சொல் போதும். உத்தியோகத்தர் ஒருவர் உறுப்பினரிடம் அப்படிக் கேட்பது எமிலி செய்ய நினைத்ததை விடக் கேவலம் என்று அவளுக்குத் தெரியும். விரல் அந்த இலக்கத்தின் மேல் நெடுநேரம் நின்றது. பிறகு தொலைபேசியை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினாள். அலுவலகக் கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்று இருபதுக்குப் பதில் வந்தது. தரிப்பிடங்கள் கடைக்கு நேர் முன்னால் இருப்பதால் நலன் சின்னது என்று சொல்ல முடியாது. எமிலி இல்லாமலே போர்டால் முடிவெடுக்க முடியும். ஆகவே விலக்கு இல்லை. கடிதம் மரியாதையாகவே எழுதப்பட்டிருந்தது. அதில் பிழை பிடிக்க ஒன்றும் இல்லை. பிழை ஒன்று இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று சுகந்தினி நினைத்தாள்.

எமிலியை அழைத்தாள்.

"நான் எழும்பமாட்டன்," என்றாள் எமிலி. "நடக்கிறது நடக்கட்டும்."

"அது உங்கட முடிவுதான் அக்கா. உங்களை எழுப்ப எனக்கு அதிகாரம் இல்லை. ஆனா நான் உங்களுக்கு எச்சரிச்சனான் எண்டு எழுத வேணும். பிறகு ஆராவது கேட்டால் மறைக்கமாட்டன்."



"உன்னைப் போல ஒருத்திக்காகத்தான் நாங்கள் சந்தோசப்பட்டனாங்கள்," என்றாள் எமிலி. "எங்கட பிள்ளை ஒண்டு கவுன்சிலுக்குள்ள இருக்கெண்டு." அழைப்பைத் துண்டித்தாள்.

கூட்டம் நான்கு மணிக்கு. சரோஜாதேவி மூன்றரைக்கே வந்துவிட்டாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், தலைமயிரில் தொப்பி வலையின் தடம் இருந்தது. சுகந்தினியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"இண்டைக்கு மஞ்சள் கோடு கிடைச்சிடும் என்ன?" என்றாள். இந்த நாட்டில் கடவைக் கோடுகள் வெள்ளை. ஆனால் ஊரில் மஞ்சள் என்பதால் அவள் எப்போதும் மஞ்சள் கோடு என்றுதான் சொல்லுவாள்.

"பாப்பம் அக்கா," என்றாள் சுகந்தினி.

ஆரம்பத்தில் தலைவர் வழமைபோலக் கேட்டார். யாருக்காவது நலன் முரண் இருக்கிறதா? எமிலி மேசையில் விரித்த தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுகந்தினியின் விரல்கள் விசைப்பலகையில் காத்திருந்தன. முதல் வரிசை மனிதரின் தொலைபேசியில் சிவப்புப் புள்ளி எரிந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தலைவர் அடுத்த விடயத்துக்குப் போனார்.

ஐந்து மணிக்குப் பொதுமக்கள் பேசும் நேரம். சரோஜாதேவி ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாள். எழுதிக் கொண்டுவந்த தாளை அவள் பார்க்கவே இல்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வசனங்களாகச் சொன்னாள். என் கணவர் பஸ்ஸால் இறங்கினார். கையில் கத்தரிக்காய் இருந்தது. நான் வீட்டு யன்னலில் நின்றேன். நான் பார்த்தேன். நான் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் இறங்குகிறேன். ஓடித்தான் கடக்கிறேன். எனக்கு முழங்கால் வருத்தம். நன்றி.

மார்கரெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சுகந்தினி அவளையே பார்த்தாள். மார்கரெட் மாறினால் போதும், எமிலி எழும்பினாலும் பரவாயில்லை.

"பதின்மூன்றாவது விடயம்," என்றார் தலைவர். "பாதசாரிக் கடவை."

எமிலி தலையைத் தூக்கினாள். சரோஜாதேவியைப் பார்த்தாள். பிறகு சுகந்தினியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது, கோபமும் இருந்தது. சுகந்தினி கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் தான் ஏதோ சைகை காட்டியது போல ஆகிவிடும் என்று பயந்தாள்.

எமிலி கையை உயர்த்தினாள்.

"எனக்கு ஒரு நலன் இருக்கிறது," என்றாள் ஆங்கிலத்தில். "என் கணவர் அந்த மூலைக் கடையை வாங்கியிருக்கிறார். இதை நான் முதலே சொல்லியிருக்க வேண்டும். மன்னிக்கவும்."

கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். மேசையைச் சுற்றி நடந்து, பொதுமக்கள் இருக்கும் பக்கம் வந்து, சரோஜாதேவிக்குப் பக்கத்து வெற்றுக் கதிரையில் இருந்தாள். கூட்டக் குறிப்பில் சுகந்தினி எழுதினாள்: எமிலி, நலன் வெளிப்படுத்தி, மாலை 5.12க்கு மேசையை விட்டு விலகினார்.

சரோஜாதேவி திகைத்துப் போனாள். "ஏன் இஞ்ச வந்தனீங்கள்?" என்று மெல்லக் கேட்டாள். மெல்லக் கேட்டாலும் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. "அங்க போங்கோ. வாக்கெல்லே எடுக்கப்போகினம்."

எமிலி தலையை ஆட்டினாள்.

"எழும்புங்கோ எமிலி. போங்கோ." அவள் எமிலியின் முழங்கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். "போங்கோ எண்டுறன்."

தலைவர் அமைதி காக்கும்படி பணிவாகக் கேட்டார். விவாதம் பத்து நிமிடம் நடந்தது. எமிலி பேசியிருந்தால் என்ன பேசியிருப்பாள் என்று சுகந்தினிக்கு மனப்பாடமாகத் தெரியும். அதை ஒருவரும் பேசவில்லை. மார்கரெட் மிகவும் வருத்தமாக இருக்கிறது என்றாள். ஆனாலும் அந்தத் தெருவில் வாகன நெரிசல் கூடும் என்று அஞ்சுவதாகவும் சொன்னாள். கைகள் உயர்ந்தன. மூன்று. பிறகு இன்னொரு மூன்று. தலைவர் தன் மேலதிக வாக்கை எதிராகப் போட்டார். சுகந்தினி அதைத் தட்டச்சுச் செய்து, எழுத்துப் பிழை விட்டு, அழித்து, மறுபடி தட்டச்சுச் செய்தாள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. சரோஜாதேவி வாசலில் நின்றாள். எமிலி அவளுக்குக் காரணத்தைச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் கதைக்க முடியாமல், ஏற்கெனவே போயிருந்தாள்.

"எமிலி சொன்னவ," என்றாள் சரோஜாதேவி. "கடையாம். நீதான் எழும்பச் சொன்னனியாம்."

"ஓம் அக்கா. நான்தான்."

"அவ எனக்காகத்தானே போடப் பாத்தவ?"

"ஓம்."

"அது களவோ?"

"இல்லை அக்கா. களவில்லை. ஆனா, தங்கட விசயத்தில தாங்களே கை உயர்த்தலாம் எண்டு விட்டால்…" சுகந்தினி நிறுத்தினாள். வவுனியாப் பட்டியலைச் சொல்ல நினைத்தாள். இந்த வாசலில், இந்தப் பெண்ணிடம், அது எடுபடாது என்று தெரிந்தது.

"நீ சட்டப்படிதான் செய்திருப்பாய்," என்றாள் சரோஜாதேவி. "நீ படிச்ச பிள்ளை. நான் இப்ப எப்பிடி அங்கால போறது? அதை மட்டும் சொல்லு."

காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றாள் சுகந்தினி. சரோஜாதேவி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள். சுகந்தினி கார் எடுத்து அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனாள். கடைக்கு முன்னால் பஸ் நின்றது. சரோஜாதேவி இறங்கவில்லை. பஸ் இன்னும் தூரம் போய், சமிக்ஞை விளக்குள்ள சந்தியில் நின்றபோது இறங்கினாள். பச்சை மனிதன் வரும்வரை நின்று கடந்து, மறுபக்கப் புல்லோரமாக வீட்டை நோக்கித் திரும்பி நடந்தாள். அந்த முழங்காலோடு பதினெட்டு நிமிடம் நடந்தாள். சுகந்தினி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே காருக்குள் இருந்தாள்.

அதன்பிறகு கோயிலில் சரோஜாதேவி சுகந்தினியைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். எமிலி புதன்கிழமை பிந்திய வெளிப்படுத்தலுக்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். போர்ட் அவளுக்கு ஒரு எழுத்து மூல எச்சரிக்கை கொடுத்தது. அந்தக் கடிதத்தையும் சுகந்தினிதான் எழுத வேண்டியிருந்தது. கெல்வின் கடை வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை வைத்தார். ஒருவரும் கேட்டு வரவில்லை.

ஓகஸ்ட் முடிவில் ஒரு மத்தியானம் சரோஜாதேவி தொலைபேசி எடுத்தாள். வணக்கமும் இல்லை, சுகம் விசாரிக்கவும் இல்லை. பின்னால் தெருச் சத்தம் கேட்டது.

"அந்த மனுக் குடுக்கிற படிவம் திரும்ப அனுப்பு. இந்தப் புதுக் கணக்கு வருசத்துக்கும் குடுக்கலாம்தானே?"

"ஓம் அக்கா. குடுக்கலாம். இப்பவே அனுப்பிறன்."

"எமிலி கடையை வித்திட்டாவோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப திரும்பவும் மூண்டுக்கு மூண்டுதானே?"

சுகந்தினி கண்ணை மூடிக்கொண்டாள். "ஓம் அக்கா."

வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் சத்தம் கேட்டது.

"பரவாயில்லை, அனுப்பு," என்றாள். "பஸ் வருது."